பூசை முதல், கழுவல் பிறகு

முப்பத்தொரு வருடம் பியர் காய்ச்சிப் பிழைத்தவன் நான். அதில் ஒரு மிடறுகூட விழுங்கியதில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பதினெட்டு வயதில், அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, கொழும்பு ஜிந்துப்பிட்டி முருகனிடம் போய் ஒரு நேர்த்தி வைத்தேன்: அம்மா எழுந்துவிட்டால் வாழ்நாளில் குடிக்கமாட்டேன் என்று. அம்மா எழுந்துவிட்டார். அடுத்த வருடம் எனக்குக் கிடைத்த வேலை பியர் கம்பனியில். முருகனுக்கு விளையாட்டுப் புத்தி அதிகம் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

போன மாதம் கம்பனியிலிருந்து இரண்டு பேர் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இருந்த பகுதியில் இப்போது வேலை செய்கிறவர்கள். மரத் தொட்டிகளைக் கழற்றிவிட்டார்களாம். எல்லாம் எவர்சில்வர், எல்லாம் கணினித் திரையில். மணம் பார்க்கவும் ஒரு கருவி வந்திருக்கிறதாம்.

“ஐயா, பழைய வேலையப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க. கம்பனி ஆண்டு மலர்ல போடுறம்” என்றார்கள்.

“அந்த மெஷினுக்குத் தடிமன், சளி பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“இல்ல ஐயா.”

“அப்ப என்னையவிட நல்ல மெஷின்தான்.”

அவர்கள் இயந்திரங்களைப் பற்றி எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது இரண்டு தொட்டி பியரை நாசமாக்கிய ஒரு பூசையைப் பற்றியும், வெள்ளவத்தைப் பள்ளிக்கூட முற்றம் ஒன்றில் முக்கோணத் தொப்பி போட்டுக்கொண்டு நான் நின்ற ஒரு காலைப் பொழுதைப் பற்றியும். இரண்டும் என் கணக்கில் ஒரே கதைதான். என் மகள் கௌரி, தன் அப்பா என்ன வேலை செய்தார் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அது. மற்றதெல்லாம் கம்பனி கொடுத்துவிட்டது.

வேலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முளைகட்டி வறுத்த பார்லிதான் மால்ட். அதை உடைத்துச் சூடான தண்ணீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாச்சத்து இனிப்பாக மாறும். அந்தச் சாற்றை வடித்து, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போடவேண்டும். ஈஸ்ட் போடும்வரை அது வெறும் கஞ்சி. போட்ட பிறகுதான் மற்றது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருடம் போனது. மூட்டை தூக்கினேன், தொட்டி கழுவினேன், பைப் திருகினேன். பிறகு ஒருநாள் என் மூக்கைக் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தவர் கிளைவ் மாஸ்டர். தலைமைக் காய்ச்சுநர். பறங்கிக்காரர், ஐரோப்பிய வம்சம்; ஆனால் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளைச் சேட், கறுப்பு டை, காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ். ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். மூன்றிலும் ‘மேன்’ என்று முடிப்பார். மற்ற மேலதிகாரிகள் சத்தம் போடுவார்கள். இவர் சத்தம் போடமாட்டார். தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

மாதிரி எடுத்த கிளாஸை மூன்று தரம் மோந்து பார்ப்பார். ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மூக்குக்கும் ஓய்வு வேண்டுமாம். ஒருநாள் அவர் மூன்றாவது தரம் மோந்துகொண்டிருந்தபோது, தொட்டி கழுவிக்கொண்டிருந்த நான் தூரத்தில் நின்றே, “சேர், இதுல ஈர அட்டைப்பெட்டி வாசம் வருது” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னையே பார்த்தார்.

“நீ குடிப்பியா மேன்?”

“இல்ல சேர். நேர்த்தி.”

“குட். குடிக்கிறவனுக்கு மூக்கு நிக்காது. நாளைக்கு உள்ள வா.”

அன்றிலிருந்து என் மூக்கு கம்பனிச் சொத்து. வெள்ளைப்பூண்டு கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. விபூதிக்கு மட்டும் அனுமதி கொடுத்தார், அதுவும் மோந்து பார்த்த பிறகு. கம்பனி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ் பேலியகொடை மீன் கடைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். பாலம் வந்ததும் துவைத்த கைலேஞ்சியை மூக்கில் கட்டிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள். வாயில் எடுத்துப் பார்க்கவேண்டிய மாதிரிகளை எடுத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன். முருகனிடம் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவைத்திருந்தேன்.

இன்னொரு நாளையும் சொல்லவேண்டும், பிறகு தேவைப்படும். சிறு அளவில் ஒரு சோதனைக் காய்ச்சல் போட்டிருந்தோம். வெப்பமானி கை தவறி உடைந்துவிட்டது. மால்ட் போடுவதற்குத் தண்ணீரின் சூடு சரியாக இருக்கவேண்டும். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். புதியது வாங்கிவர ஆள் போயிருந்தான். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“வெப்பமானி வர முந்தி மனுசன் பியர் காய்ச்சல்லையா மேன்?” என்றார் மாஸ்டர். “கொதிச்ச தண்ணியை இறக்கு. உள்ள பாரு. என்ன தெரியுது?”

“ஆவிதான் சேர் தெரியுது.”

“வெயிட் பண்ணு. உன்ட மூஞ்சி தெரியும். அப்ப போடு.”

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவி மெல்ல மெல்ல மெலிந்தது. முதலில் கூரை விளக்குத் தெரிந்தது. பிறகு என் காது. பிறகு முழு முகம், மீசையோடு. மால்ட்டைக் கொட்டினேன். கொட்டிக் கிளறும்போதே புது வெப்பமானி வந்து சேர்ந்தது. மாஸ்டர் அதை உள்ளே விட்டுப் பார்த்தார், துடைத்துச் சேட் பையில் போட்டுக்கொண்டார். எத்தனை பாகை என்று எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தார்.

இனி அந்தப் பூசை.

சரஸ்வதி பூசையின் கடைசி நாளில் கம்பனியில் ஆயுத பூசை செய்வோம். தமிழர்கள் எட்டுப் பேர்தான், ஆனால் கடலைக்கும் வடைக்கும் சிங்களச் சகோதரர்களும் வந்துவிடுவார்கள். மால்ட் உடைக்கிற இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் தேங்காய் உடைப்போம். அந்த வருடம் ஈஸ்ட் அறை என் பொறுப்புக்கு வந்திருந்தது. காலைக் கழுவாமல் யாரும் உள்ளே போகமுடியாத அறை. எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இயந்திரம் உடைக்கிறது, கொதிகலன் கொதிக்கிறது. உண்மையான வேலை செய்வது ஈஸ்ட்தானே? இராப்பகலாக வேலை செய்கிற உயிர். அதற்குப் பூசை இல்லையென்றால் என்ன நியாயம்?

குளித்துவிட்டு, காலைக் கழுவிவிட்டு, பயபக்தியோடு தட்டை ஏந்தி உள்ளே போனேன். ஈஸ்ட் பாத்திரத்தின் மூடியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். முன்னால் ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம். மாவிலையால் தீர்த்தம் தெளித்தேன். காற்று வெளியேறுவதற்காக மூடி ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், கடவுளின் தீர்த்தம் என்ன செய்துவிடப்போகிறது என்று இன்னும் ஒரு தரம் தாராளமாகத் தெளித்தேன்.

நாலாம் நாள் காலை இரண்டு தொட்டிகளிலிருந்து ஒரு வாசம் வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் வரவில்லை, எனக்கு வந்துவிட்டது. புளித்த தயிரும் அழுகின வாழைப்பழமும் சேர்ந்த வாசம். அதே ஈஸ்ட்தான் இரண்டு தொட்டிக்கும் போயிருந்தது. கௌரிக்கு அப்போது மூன்று வயது. வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. பேசாமல் இருந்தால் குளிரூட்டியில் கோளாறு என்று முடிந்துவிடும். அரை மணித்தியாலம் தொட்டிகளுக்கு நடுவில் நடந்தேன். பிறகு போய் மாஸ்டரின் கதவைத் தட்டினேன்.

அவர் வந்தார். முதல் தரம் மோந்தார், ஜன்னலைப் பார்த்தார். இரண்டாம் தரம் மோந்தார், ஜன்னலைப் பார்த்தார். மூன்றாம் தரம் மோந்துவிட்டு ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கண்ணாடி கையில் வந்துவிட்டது.

“என்ன போட்ட?”

“தீர்த்தம், சேர்.”

“அதுல என்ன இருக்கு?”

“தண்ணி, துளசி, கொஞ்சம் பால். பக்கத்துல பஞ்சாமிர்தம் இருந்திச்சு. அதே கையாலதான் தெளிச்சன்.”

“பஞ்சாமிர்தத்துல என்ன?”

“வாழைப்பழம், தேன், சர்க்கரை, நெய், பேரீச்சம்பழம்.”

அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். “வாழைப்பழம். தேன். பால்.” விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “உலகத்துல இருக்கிற காட்டு ஈஸ்ட் எல்லாத்துக்கும் நீ கல்யாண விருந்து வச்சிருக்க மேன்.”

இரண்டு தொட்டியையும் திறந்துவிட்டோம். கழிவுநீர்க் கான் வழியாக எல்லாம் போனது. போய் முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். செத்த வீட்டில் நிற்பது போலத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஈஸ்ட் பாத்திரத்தையும் அவரே கவிழ்த்தார். மூடியிலிருந்த குங்குமத்தை மட்டும் துடைக்காமல் வைத்தார்.

மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். பூசை சங்கதி ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது; இனிமேல் எந்தப் பூசையும் கூடாது என்று ஒரு கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எழுதிய அறிக்கையை எனக்குக் காட்டவில்லை. காரியாலய லிகிதர் சொல்லித்தான் தெரியும். இரண்டு வரிதானாம். ‘ஈஸ்ட் பாத்திரத்தின் மூடி சரியாக மூடப்படவில்லை. அதைப் பார்த்திருக்கவேண்டியது என் கடமை, நான் பார்க்கவில்லை.’ கீழே அவருடைய கையெழுத்து. பூசையைத் தடுக்கும் கடிதம் வெளியே வரவேயில்லை. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய சம்பள உயர்வு வரவில்லை. அதைப் பற்றியும் அவர் என்னிடம் பேசியதில்லை.

அடுத்த வருடம் அதே காலம் வந்தது. பூசையைப் பற்றி வாய் திறக்க எனக்கு முகம் இல்லை. அவரே கூப்பிட்டார்.

“எப்ப உங்கட பூசை?”

“இந்த வருசம் வேணாம் சேர்.”

“நான் கேட்டது எப்பண்டு.”

சொன்னேன். அறிவிப்புப் பலகையில் அவர் கையாலேயே வேலை ஒழுங்கு எழுதி ஒட்டினார். காலையில் பூசை. ஈஸ்ட் அறையில், பாத்திரம் வெறுமையாக இருக்கும்போது. பஞ்சாமிர்தமும் வைக்கலாம். பூசை முடிந்தபின் கோஸ்டிக் சோடா போட்டுக் கழுவி, நீராவி விட்டு, அதற்குப் பிறகுதான் புது ஈஸ்ட்.

“பூசை முதல், கழுவல் பிறகு. உங்கட சாமிக்கும் கோவம் வராது, என்ட பியருக்கும் வராது. சரிதானே மேன்?”

அன்று அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிற கத்தோலிக்கர். தட்டை நீட்டினேன். குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கவில்லை. பாத்திரத்தில் ஒரு பொட்டு வைத்தார். நான் ஓய்வுபெறும்வரை அந்த ஒழுங்கு மாறவில்லை. அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகும் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு ஒரு அட்டை வரும். அதில் ஒரே கேள்விதான்: மூக்கு எப்படி?

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னதில்லை. சொல்லும்படியான வீடாக அது இருக்கவில்லை என்றால் பாக்கியத்தைக் குறை சொன்னதாகிவிடும். அவள் என் மனைவி, போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அவளுக்குப் பயம், அவ்வளவுதான். ‘பியர் கம்பனி’ என்று சொன்னால் ‘குடிகாரன்’ என்று காதில் விழும் சனங்களுக்கு நடுவில் அவள் ஒரு பெண்பிள்ளையை வளர்த்தாள். என் வேலைச் சேட்டுகளைப் பொதுக் கொடியில் காயப்போடமாட்டாள், அறைக்குள்தான். கௌரியைப் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, ‘தகப்பனார் தொழில்’ என்ற இடத்தில் ‘உணவு உற்பத்தி’ என்று எழுதினாள். மால்ட் தானியம்தானே, பொய்யில்லையே என்றாள். கல்யாண அழைப்பிதழ் வரைக்கும் அதுதான் நின்றது.

சின்ன வயதில் கௌரி நான் வந்ததும் ஓடிவந்து சேட்டில் முகத்தைப் புதைப்பாள். “அப்பாகிட்ட பிஸ்கட் வாசம்” என்பாள். வறுத்த மால்ட்டின் வாசம் அது. பத்து, பதினொரு வயதுக்குப் பிறகு அந்த ஓட்டம் நின்றுவிட்டது. யாரோ பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. சேட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டேன்.

இப்போது அவள் வெள்ளவத்தையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கட்டிக்கொடுக்கும்வரை ‘ஆமா’ என்று சொன்ன பிள்ளை, கட்டிக்கொடுத்த மூன்றாம் மாதம் அவர்கள் பேச்சில் ‘ஓம்’ என்று சொன்னது. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒரு விசயம் கதைக்கோணும்.”

அவள் பள்ளிக்கூடத்தில் ஹானா மிஸ் என்று ஓர் அமெரிக்கப் பெண் வரலாறு படிப்பிக்கிறாளாம். அவளுடைய நாட்டில் பழைய குடியேற்றக் காலத்து ஊர் ஒன்றை அப்படியே கட்டிவைத்து, அந்தக் காலத்து உடுப்போடு, அந்தக் காலத்து வேலைகளைச் செய்து காட்டுவார்களாம். ஹானா மிஸ் படிக்கும் காலத்தில் விடுமுறைக்கு அங்கே மெழுகுதிரி வார்க்கும் பெண்ணாக வேலை செய்தவளாம். அதைப்போல இங்கேயும் ஒருநாள் செய்யப்போகிறார்கள். அந்தக் காலத்துச் சனங்கள் தண்ணீரை நம்பாமல், சின்னப் பிள்ளை முதல் எல்லோரும் மெல்லிய பியர்தான் குடித்தார்களாம். அதைக் காய்ச்சிக் காட்ட ஆள் வேண்டுமாம்.

“ஈஸ்ட் போடமாட்டம். பள்ளிக்கூடத்தில கூடாது, சட்டமும் விடாது. சாறு மட்டும் வடிச்சுக் காட்டினாக் காணும்.”

“நீ என்னம்மா சொன்ன அவகிட்ட?”

“ஃபூட் டெக்னொலொஜி தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொன்னனான்.”

“ஒருத்தர்” என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “அண்டைக்கு மாமியும் வருவா அப்பா. உங்களைக் கூப்பிடேக்க ‘ஓய்வுபெற்ற உணவுத் தொழில்நுட்பவியலாளர்’ எண்டுதான் சொல்லப்போறன். சரிதானே?”

சரி என்றேன். வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் இன்னொரு தரம் மால்ட்டை மோந்து பார்க்கலாம் என்ற ஆசை அந்த வலியைவிடப் பெரிதாக இருந்தது. கம்பனிப் பிள்ளைகளிடம் கேட்டு மால்ட்டும் ஒரு பிடி ஹொப்ஸும் வாங்கினேன். ஹானா மிஸ் கேட்ட கரும்புப் பாகுக்குப் பதிலாகக் கித்துள் மரத்துப் பாணி. கோயில் அன்னதானத்துக்குப் பாவிக்கும் செம்புக் கிடாரத்தை ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓட்டோவில் கொண்டுபோனேன்.

ஒத்திகையன்று ஹானா மிஸ் என்னை உரித்துவிட்டாள். பிளாஸ்டிக் வாளியைக் கண்டதும் தலையில் கை வைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். பையிலிருந்து வெப்பமானியை எடுத்தேன், அதுவும் போனது. பிறகு ஒரு பழைய செய்முறையின் நகலை எடுத்து, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினாள்: தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கு, ஆவி விலகி உன் முகம் தெரியும்வரை காத்திரு, பிறகு மால்ட் போடு.

என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை. இருமல் வரும்வரை சிரித்தேன். கௌரி பயந்துபோய் முதுகைத் தடவினாள். “என்னப்பா?”

அங்கேயே, கிடாரத்தின் பக்கத்தில், ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்து கிளைவ் மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். உடைந்த வெப்பமானியைச் சொன்னேன். அதிலிருந்து பூசைக்குப் போனேன், வாழைப்பழத்துக்குப் போனேன், திறந்துவிட்ட தொட்டிகளுக்குப் போனேன். ஹானா மிஸ் மெழுகுதிரி அச்சுகளைத் தேடிப் போய்விட்டாள். கௌரி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பள உயர்வு வராத இடம் வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

“எனக்கு மூண்டு வயசா அப்ப?”

“ஆமா.”

“இதெல்லாம் ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீ கேக்கல்லையேம்மா.”

“ஓம், கேக்கேல்லைத்தான்” என்றாள்.

நிகழ்ச்சியன்று காலை என்னைப் பார்த்திருக்கவேண்டும். முழங்காலோடு நிற்கும் காற்சட்டை, வெள்ளைக் காலுறை, தோல் ஏப்ரன், தலையில் முக்கோணத் தொப்பி. தொப்பிக்குக் கீழே விபூதி. அது அந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று ஹானா மிஸ் சொல்வாள் என எதிர்பார்த்தேன். பார்த்தாள், சொல்லவில்லை. முற்றம் முழுக்கப் பிள்ளைகள், வெள்ளைத் துணித் தொப்பியும் நீளப் பாவாடையுமாக வெண்ணெய் கடைந்துகொண்டும் கம்பளி நூற்றுக்கொண்டும் இருந்தார்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே முதல் வரிசையில் சம்பந்தி அம்மா, பட்டுச் சேலையோடு, மடியில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தார்.

கிடாரத்தைக் கழுவ வாளியைத் தூக்கினேன்.

“பொறுங்கோ அப்பா. இப்ப கழுவாதேங்கோ.”

கௌரி கையில் மைக்கோடு வந்துகொண்டிருந்தாள். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். குழைத்த சந்தனம், கொஞ்சம் குங்குமம். குனிந்து, கிடாரத்தின் வயிற்றில் சந்தனத்தை இட்டு, நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

ஹானா மிஸ் ஓடிவந்தாள். இது அந்தக் காலத்தில் இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கௌரி மைக்கை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் பதில் சொன்னாள்.

“அமெரிக்காவில இருக்கேல்ல. என்ர அப்பா வேலை செய்த இடத்தில இருந்தது. பூசை முதல், கழுவல் பிறகு. இவர் என்ர அப்பா. முப்பத்தொரு வருசம் பியர் காய்ச்சினவர். ஒரு சொட்டும் குடிக்காதவர். அந்தக் கம்பனியில இவரைப்போல மூக்கு ஒருத்தருக்கும் இருக்கேல்ல.”

சம்பந்தி அம்மாவின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் அதையே கேட்பீர்கள். அவர் முகம் இறுகியது. எழுந்துபோகவில்லை. ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருந்தார். சாற்றை வடித்து, கொதிக்கவைத்து, ஆற்றிப் பிள்ளைகளுக்குச் சின்னக் குவளைகளில் ஊற்றியபோது எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

“புளிக்க விடேல்லைத்தானே?”

“இல்லைங்க. வெறும் கஞ்சி.”

“அப்ப தாங்கோ.”

ஒரு வாய் குடித்தார். யோசித்தார். “பிள்ளையளுக்குப் பால்ல கரைச்சுக் குடுக்கிற மால்ட்டெல்லோ இது! இதுக்கே இவ்வளவு நாளும் ஒளிச்சனீங்கள்?” என்றார். தண்ணீர்ப் போத்தலைக் காலி பண்ணி நீட்டினார், நிரப்பித் தரச் சொல்லி. அதற்குப் பிறகு இந்த விசயமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய நேரம். கௌரி அப்படிச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கிடாரத்தை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினேன். மாஸ்டர் பார்த்தால் குறை சொல்லமுடியாதபடி கழுவினேன். தண்ணீர் ஊற்றி, விறகு வைத்து, கொதிக்கவிட்டு இறக்கினோம். பிறகு கடிகாரம் இல்லை, வெப்பமானி இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை.

ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு மெலிந்தது. கொட்டகையின் தகரம் தெரிந்தது. தொப்பியின் ஒரு மூலை தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடம் கலங்கலாகவே இருந்தது. ஆவி போய்விட்டது என்று கன்னத்தில் தெரிகிறது, ஆனால் முகம் வரவில்லை. இந்தச் சூட்டை விட்டால் மால்ட் கெட்டுவிடும். அப்போதுதான் விளங்கியது, கோளாறு தண்ணீரில் இல்லை. கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுக்கலாமென்றால் அந்தக் காலத்து உடுப்பில் பையே இல்லை.

“கௌரி, இங்க வாம்மா. உனக்கு முகம் தெரியுதா பாரு.”

அவள் வந்து என் தோளில் கை வைத்துக் குனிந்தாள். என் பக்கத்தில் அவ்வளவு கிட்ட அவள் வந்து எத்தனையோ வருடம்.

“தெரியுது அப்பா” என்றாள். “ரெண்டு பேரும் தெரியுறம். போடுங்கோ.”

போட்டேன். மால்ட்டின் வாசம் குப்பென்று மேலே வந்தது. கௌரி மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு, மைக் அணைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், என் ஏப்ரனில் முகத்தைப் புதைத்து, “பிஸ்கட்” என்றாள்.